ஃபிளாட் ட்விஸ்ட்: உங்கள் தலைமுடியில் நீங்களே நேர்த்தியாகப் போட்டுக்கொள்வது எப்படி?

தலையோடு ஒட்டி வரிவரியாகப் போகும் இரண்டு கால் முறுக்குதான் ஃபிளாட் ட்விஸ்ட். ஆயிரங்கால் சடை போடத் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. அதில் போகப் போகப் பக்கத்து முடியைச் சேர்த்துக்கொண்டே போவோம் இல்லையா, இதிலும் அப்படித்தான். அங்கே மூன்று காலை வைத்துப் பின்னுகிறோம், இங்கே இரண்டே காலை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போகிறோம். தூரத்திலிருந்து பார்த்தால், தலையோடு ஒட்டி வரிவரியாக மூன்று காலில் பின்னும் கார்ன்ரோ பின்னல் போலத் தெரியும். அதைவிட இது சீக்கிரம் கைவரும், அவிழ்ப்பதும் சுலபம். ஆனால் அவ்வளவு நாள் தாங்காது.

இது ஆப்பிரிக்க மக்களிடமும், அங்கிருந்து உலகெங்கும் போன கறுப்பின மக்களிடமும் வளர்ந்த கைவேலை. நெருக்கமான சுருள் கொண்ட முடி எளிதில் உலரும், சிக்காகும், உடையும். அதை முறுக்கி அடக்கி வைத்தால் உரசலும் தினசரிச் சீவலும் குறைந்து முடி பிழைக்கும். அமெரிக்காவில் முடியை இப்படி வைத்திருந்ததற்காகவே வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. 2019இல் கலிஃபோர்னியா மாநிலம் கிரவுன் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, முடியின் இயல்பையோ பின்னல், முறுக்கு போன்றவற்றையோ காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது. அதன் பிறகு வேறு பல மாநிலங்களும் அதே வழியில் சட்டம் கொண்டுவந்தன. ஒரு கலையைக் கற்கும்போது அது யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் சரி என்று நினைக்கிறேன்.

புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இறுக்கிப் போட்டால் நேர்த்தியாக வரும் என்று நம்பி இழு இழு என்று இழுக்கிறார்கள். தலை வலிக்கிறது, முறுக்கு மட்டும் கோணலாகவே இருக்கிறது. வகிடு சுத்தமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் சேர்க்கிற முடி ஒரே அளவாக இருக்க வேண்டும், கை தலையை விட்டு எழும்பக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மெல்லிய பிடியிலேயே அழகாக வரும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பெரிய பல் சீப்பு ஒன்று, வகிடு எடுக்க ஊசி போன்ற வால் உள்ள டெயில் கோம்ப் ஒன்று, பெரிய கிளிப்புகள் நான்கைந்து, சின்ன ரப்பர் பேண்டுகள், தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டில். முடியைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒன்று வேண்டும்: ஜெல், மூஸ் (நுரையாக வரும் முடிப்பூச்சு) அல்லது கெட்டியான ஹேர் கிரீம். முன்பக்கம் பெரிய கண்ணாடி, பிடரியைச் சரிபார்க்க ஒரு கைக்கண்ணாடி. முடித்த பிறகு கட்டிக்கொள்ள சாட்டின் துணி. இவ்வளவுதான்.

கிரீமும் ஜெல்லும் சேர்த்துப் போடுவதாக இருந்தால் முதலில் புறங்கையில் இரண்டிலும் ஒரு துளி எடுத்துக் குழைத்துப் பாருங்கள். வழுவழுப்பாக ஒன்று சேர்ந்தால் கவலை இல்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிகளாகப் பிரிந்தால் அந்த ஜோடி ஒத்துப்போகவில்லை. அதைத் தலையில் போட்டால் மறுநாள் முறுக்கு முழுக்கப் பொடுகு உதிர்வது போல வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒரு நிமிடச் சோதனை, மணிக்கணக்கான வேலையைக் காப்பாற்றும்.

முடியைத் தயார் செய்தல்

தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு அலசி, சிக்கு எடுங்கள். நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி ஏறி வர வேண்டும். வேரில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் முடிச்சாகிவிடும். இந்த வேலையில் அவசரம் காட்டாதீர்கள். சிக்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தாலும் பாதி வரியில் கை நின்றுவிடும், அங்கே ஒரு முண்டு விழும்.

எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பது முடியைப் பொறுத்தது. சொட்டச் சொட்ட ஈரத்தோடு யாரும் போட வேண்டாம். நனைந்த முடி இழுத்தால் நீளும், எளிதில் அறுந்தும் போகும். நெருக்கமான சுருள் முடியாக இருந்தால் உலரும்போது சுருங்கவும் செய்யும். ஈரத்தில் சரியாக இருந்த பிடி, காய்ந்ததும் தலையை இறுக்க ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட முடிக்கு முக்கால்வாசி உலர்ந்த நிலை பொருத்தம். பின்னி வைத்து உலர்த்தியோ, மிதமான சூட்டில் டிரையர் காட்டியோ முன்கூட்டியே நீட்டிக்கொண்டால் வரி இன்னும் வழவழப்பாக வரும். அலை முடிக்கும் நேர் முடிக்கும் இலேசான ஈரமும் கொஞ்சம் மூஸும் போதும். நேர் முடிக்காரர்களுக்குக் குளித்த அன்றைக்கே போடுவதைவிட மறுநாள் போடுவது நல்லது. அப்போதுதான் முடி வழுக்காமல் விரலில் நிற்கும்.

வகிடு

என்னைக் கேட்டால் நேர்த்தியில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. முறுக்கு சுமாராக இருந்தாலும் வகிடு நேராக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். வகிடு கோணினால் எவ்வளவு அழகாக முறுக்கினாலும் எடுபடாது.

முதல் தடவைக்கு நடு வகிடு எடுத்து, பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ வரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். நெற்றியிலிருந்து பிடரி வரை நேராகப் பின்னோக்கிப் போகிற வரிகள்தான் கற்க வசதி. வளைவு, குறுக்கு வரி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டெயில் கோம்பின் வாலைத் தலைத்தோலில் படுக்கவைத்த மாதிரி பிடித்து, மூக்குக்கு நேர் மேலே நெற்றியோரத்தில் வையுங்கள். வாலைத் தூக்காமல் ஒரே கோடாகப் பின்னுக்கு இழுங்கள். முன்பக்கம் கண்ணாடியில் தெரியும். உச்சி தாண்டியதும் தெரியாது. அங்கே ஒரு வழி உண்டு. பிடரியில் வகிடு எங்கே போய் முடிய வேண்டுமோ அந்த இடத்தில் இடது கை ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொள்ளுங்கள். வலது கையில் இருக்கும் வால், அந்த விரலைத் தேடி வரட்டும். கண்ணால் பார்த்துப் போடுவதைவிட இப்படிப் போடும்போது கோடு நேராக அமையும். கோடு விழுந்ததும் இரண்டு பக்க முடியையும் கோட்டிலிருந்து விலக்கிச் சீவி, கொஞ்சம் ஜெல் தொட்டு வகிட்டோரத்தில் படியத் தடவுங்கள். விரல் நுனியை வகிட்டில் ஓட்டிப் பாருங்கள். குறுக்கே முடி கிடந்தால் தட்டுப்படும்.

இப்போது முறுக்கப் போகிற வரியைத் தவிர மற்ற எல்லா முடியையும் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுங்கள். கிளிப்பில் சோம்பல் பட்டால் பக்கத்து வரியின் முடி நாலு வந்து இதில் சேர்ந்துகொள்ளும். அப்புறம் வகிட்டின் மேல் பாலம் போட்ட மாதிரி அது குறுக்கே கிடந்து உறுத்தும்.

முறுக்கு

வரியின் முடி முழுவதிலும் ஜெல்லோ கிரீமோ தடவி, போகிற திசையில், அதாவது பின்னோக்கிச் சீவிக்கொள்ளுங்கள். நெற்றியோரத்தில் வரியின் ஆரம்பத்திலிருந்து சிறு கற்றை எடுங்கள். ஒரு பென்சில் கனம் இருந்தால் போதும். அதை இரண்டு காலாகப் பிரியுங்கள். ஒன்று உச்சிப் பக்கம் இருக்கும், அதை மேல் கால் என்போம். மற்றது காதுப் பக்கம் இருக்கும், அது கீழ்க் கால்.

கீழ்க் காலை மேல் காலின் மீது போடுங்கள். இடம் மாறிவிட்டது, மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. இப்போது கீழே இருப்பதை மறுபடி மேலே போடுங்கள். முடி எதையும் சேர்க்காமல் இப்படி இரண்டு முறை சுற்றிக்கொண்டால் ஆரம்பம் இறுகும். இதைச் செய்யாமல் உடனே முடி சேர்க்க ஆரம்பிப்பதால்தான் பலருக்கு நெற்றியோரம் தொளதொள என்று இருக்கிறது.

அடுத்து, முடியைச் சேர்த்தல். இதுவரை முறுக்கியதற்கு அடியிலும் அடுத்தும் இருக்கும் முடியிலிருந்து மெல்லிய கீற்று ஒன்றைச் சுண்டு விரலாலோ ஆள்காட்டி விரலாலோ எடுங்கள். இரு வகிடுகளுக்கும் இடைப்பட்ட அகலம் முழுவதிலிருந்தும் குறுக்காக எடுக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மட்டும் எடுத்தால் மறு ஓரம் கவனிப்பாரில்லாமல் உப்பிக்கொண்டு நிற்கும். எடுத்ததைக் கீழ்க் காலோடு சேர்த்து ஒன்றாக்கி, மேல் காலின் மீது போடுங்கள். புதிதாகக் கீழே வந்த காலில் அடுத்த கீற்றைச் சேருங்கள், மேலே போடுங்கள். சேர்ப்பது எப்போதும் கீழ்க் காலில், போடுவது எப்போதும் கீழிருந்து மேல். இந்த ஒழுங்கு நடுவில் ஓரிடத்தில் மாறினாலும் அதுவரை முறுக்கியது அங்கே நெகிழ்ந்துவிடும். வாய்க்குள் ‘சேர், போடு, சேர், போடு’ என்று சொல்லிக்கொண்டே செய்வது ஆரம்பத்தில் நிஜமாகவே உதவும்.

நேர் முடி, அலை முடி உள்ளவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். கயிறு திரிப்பவர்கள் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். இரண்டும் எதிரெதிராக அவிழப் பார்ப்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கயிறு நிற்கும். நம் முறுக்கு கீழிருந்து மேலாகச் சுற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு காலையும் தூக்கிப் போடுவதற்கு முன் அதை மட்டும் தனியாக மேலிருந்து கீழாக, காதுப் பக்கம் நோக்கி ஓர் உருட்டு உருட்டிக்கொள்ளுங்கள். நெருக்கமான சுருள் முடியில் இழைகள் ஒன்றோடொன்று தாமாகவே பின்னிக்கொள்வதால் இது இல்லாமலும் நிற்கும். வழுக்குகிற முடியில் இதுதான் பிடிமானம். இது தெரியாமல் ‘என் முடிக்கு ஃபிளாட் ட்விஸ்ட் வராது’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

கை எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விரல் கணுக்கள் தலைத்தோலை உரசிக்கொண்டே போக வேண்டும். முடியைத் தூக்கிப் பிடித்து முறுக்கினால் அந்த இடம் மேடாகி, தலையில் ஒட்டாமல் தொங்கும். இழுப்பும் வரி போகும் திசையிலேயே இருக்கட்டும். கை காதுப் பக்கம் சாய்ந்தால் வரியும் காதுப் பக்கம் சாயும்.

காது தாண்டியதும் கண்ணாடியை மறந்துவிடுங்கள். பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போட்டால் இடம் வலமாகத் தெரிந்து கை குழம்பும். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நம்புங்கள். மேலே வகிடு, கீழே வகிடு, நடுவில் முறுக்கு என்று மூன்றும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். பிடரிக்கு வரும்போது மோவாயை மார்போடு அணைத்தாற்போல் குனிந்துகொள்ளுங்கள். நிமிர்ந்தபடியே முறுக்கினால் பிடரிப் பகுதி தொளதொளப்பாகிவிடும். தோள்பட்டை வலித்தால் முறுக்கை ஒரு கிளிப்பில் மாட்டி நிறுத்திவிட்டுக் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுங்கள். களைத்த கையில் கீற்றுகள் தடிமனாகிக்கொண்டே போகும், வரியின் கடைசிப் பகுதி குண்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பிடரியில் சேர்க்க முடி தீர்ந்ததும், மிச்சமிருக்கும் நீளத்தைச் சாதாரண இரண்டு கால் முறுக்காகவே நுனி வரை கொண்டுபோங்கள். நுனியில் ஒரு துளி ஜெல் தொட்டு விரலில் சுற்றிவிட்டால் சுருள் முடி தானாக நிற்கும். மற்ற முடிக்கு ரப்பர் பேண்ட் தேவைப்படும். தொங்குகிற நுனிகள் பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டை போடலாம்.

ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் போகும்போது, அங்கேயும் காதுப் பக்கக் காலைத்தான் உச்சிப் பக்கம் நோக்கிப் போட வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும். கைகளுக்கு இது புதுத் திசை என்பதால் இரண்டாம் பக்கம் எல்லோருக்கும் கொஞ்சம் தடுமாறும். அதனாலேயே வசதிப்படாத பக்கத்தை முதலில் போட்டுவிடுவது நல்லது, கை களைப்பில்லாமல் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் நெற்றியோரத்துக் குட்டி முடிகளை ஜெல் தொட்டுப் படியவைத்து, சாட்டின் துணியைத் தலையோடு பட்டையாகக் கட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். வரிகள் நன்றாகப் படிந்துவிடும்.

வலித்தால்

நெற்றியோரம் சுருக்கென்று இழுக்கிறது, புருவம் தூக்கினால் வலிக்கிறது, வேர்களில் சிறு கொப்புளங்கள் போலத் தெரிகிறது என்றால் அந்த வரியை உடனே அவிழ்த்துவிடுங்கள். ‘இரண்டு நாளில் பழகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தொடர்ந்து இழுக்கப்படும் முடிக்கால்கள் பலவீனமாகி அங்கே முடி உதிர ஆரம்பிக்கும், மருத்துவத்தில் இதற்கு டிராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர். நெற்றியோரமும் காதுக்கு மேல் இருக்கும் பொறிப் பக்கமும்தான் முதலில் பாதிக்கப்படும். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வராமலே போகலாம். குழந்தைகளுக்குப் போடும்போது இன்னும் தளர்வாகப் போடுங்கள். நேர்த்தி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

எத்தனை நாள் தாங்கும்?

சுருள் முடியில் ஒரு வாரம் நன்றாக இருக்கும், பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் இரண்டு வாரம். அதற்கு மேல் வைக்காதீர்கள், வேரில் சிக்கு கட்டும். நேர் முடியில் ஓரிரு நாள் நின்றாலே நல்ல வேலைதான். இரவில் சாட்டின் துணி கட்டியோ சாட்டின் தலையணை உறை போட்டோ தூங்குங்கள். பருத்தித் துணி உரசி முடியைச் சிலிர்ப்பிக்கும், எண்ணெய்ப்பசையையும் உறிஞ்சிக்கொள்ளும். நடுவில் தலை அரித்தால் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, கூர்முனை பாட்டிலில் ஊற்றி, வகிடுகளில் மட்டும் விட்டு விரல் நுனியால் தேய்த்து அலசலாம். பிறகு உள்ளே ஈரம் நிற்காமல் முழுக்க உலர்த்த வேண்டும். முன்பக்கம் கலைந்த மாதிரி தெரிந்தால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டாம், முகத்துக்கு அடுத்த இரண்டு வரியை மட்டும் புதிதாகப் போட்டாலே புதுசு போல இருக்கும்.

அவிழ்க்கும்போது

முறுக்கு அவிழ்ந்தால் கிடைக்கும் அலைகளுக்காகவே இதைப் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு முடி உள்வரை காய்ந்திருக்க வேண்டும். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், முறுக்கின் நடுவில் ஈரம் இருக்கும். அந்த நேரத்தில் பிரித்தால் அலை நிற்காது, பரட்டைதான் மிஞ்சும். ஒரு முறுக்கை மட்டும் பாதி பிரித்துச் சோதியுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காத்திருங்கள், அடர்த்தியான முடிக்கு ஓர் இரவு முழுக்க ஆகலாம்.

விரல்களில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நுனியிலிருந்து ஆரம்பித்து, முறுக்கிய திசைக்கு எதிர்த்திசையில் பிரித்துக்கொண்டே வேர் வரை வாருங்கள். அலைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். அடர்த்தியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் இன்னும் இரண்டாகப் பிரியுங்கள். சீப்பை வைக்காதீர்கள்.

பிரிக்கும்போது கையோடு நிறைய முடி வரும், பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் ஒரு நாளில் 50 முதல் 100 முடி வரை இயல்பாகவே உதிரும். முறுக்குக்குள் இருந்தவரை அவை கீழே விழ வழியில்லை. ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் 350 முதல் 700 முடி வரை ஒரேயடியாக வருவது சாதாரணம். வேர்ப்பக்கம் சின்ன வெள்ளை முனையோடு முழு நீளத்துக்கு இருந்தால் அது தானாக உதிர்ந்தது. குட்டை குட்டையாக, முனையில்லாமல் இருந்தால் உடைந்தது. உடைந்தவை அதிகமாகத் தெரிந்தால் பிடி இறுக்கமாக இருந்திருக்கிறது, அல்லது முடி வறண்டிருக்கிறது.

அடுத்த தடவை போடுவதற்கு முன் சில நாள் முடியைச் சும்மா விடுங்கள். மறுபடி போடும்போது வகிட்டை ஒரு விரல் அகலமாவது தள்ளி எடுங்கள், அதே இடத்து முடியே திரும்பத் திரும்ப இழுபடாமல் இருக்கும்.